தேனீக்களிடம் சொல்லாத சேதி

ரோக்சேர்
7 ஏப்ரல் 1986

நொயெமிக்கு,

'அன்புள்ள' என்று போட இன்று எனக்குக் கை வரவில்லை. பத்திரமாக நான்த் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கவும் மனம் இல்லை. சேர்ந்திருப்பாய்.

நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்து என் தேனீப் பெட்டிகளில் கறுப்புத் துணி கட்டிவிட்டு ரயிலேறியிருக்கிறாய். வீட்டுச் சாவியால் ஒவ்வொரு பெட்டியையும் தட்டி, "உங்க எஜமான் செத்துட்டார்" என்றும் சொல்லியிருப்பாய். வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். உங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள்தானே நான். ஆனால் இந்த வீட்டில் யாரடி செத்தது?

அக்டோபர் மழையில், மலைமேல் பழைய ஊரைச் சுற்றிப் பார்க்கப் போன, நம் மாடியில் தங்கியிருந்த லியோன் தம்பதி திரும்பவில்லை என்று உன் அண்ணன் விளக்கை எடுத்துக்கொண்டு தேடிப் போனார். அவர்களோ ஆற்றோரமாகச் சுற்றி வந்து, என் சமையலறையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் வரவில்லை. மறுநாள் அந்தப் பாதையோரப் பாதாளக் குழிக்குள், அடியில் ஓடும் தண்ணீர் வரை இறங்கிய தீயணைப்புக்காரர்களுக்கு விளக்கு மட்டும்தான் கிடைத்தது. விளக்குக்கா கல்லறை கட்டுவது?

துணியை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். அதே சாவியால் தட்டி, "அவ சொன்னது பொய். அவர் வெளியே போயிருக்கார், வந்துடுவார்" என்று சொல்லிவிட்டேன். இனி என் பெட்டிகளைத் தொடாதே.

லூசெட்
அர்மானின் மனைவி. விதவை அல்ல.

*

நான்த்
15 ஏப்ரல் 1986

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் போடாவிட்டால் என்ன, நான் போடுகிறேன்.

ஆமாம், நான்தான் கட்டினேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். உங்களிடம் சொல்லிவிட்டுக் கட்டப்போயிருந்தால் என் கையை உடைத்திருப்பீர்கள். அவன் உங்களுக்குப் புருஷன் ஆவதற்கு முன்னாலேயே எனக்கு அண்ணன். அவனுக்கென்று ஒரு பூசை வைக்க முடியவில்லை. கல்லறைத் திருநாளுக்குப் பூ வைக்க ஓர் இடம் இல்லை. எனக்கு மட்டும் வயிறு எரியாதா?

அவிழ்த்தீர்கள், சரி. அதோடு விட்டிருக்கக் கூடாதா? தேனீக்களுக்குச் சொல்ல மறந்தவர்களை நம் பக்கம் பார்த்திருக்கிறேன். தட்டிக் கூப்பிட்டுப் பொய் சொன்னவரை இப்போதுதான் பார்க்கிறேன். அம்மா இருந்தால், "எஜமான் வர்றான்னு அதுங்க நம்பிட்டா, அவன் அங்கயும் போகாம இங்கயும் வராம நடுவுல நிப்பான்டி" என்பாள். நான் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இந்த வருஷமும் மாடி அறைகளை வாடகைக்கு விடப்போகிறீர்களா? அப்படியானால் பழைய ஊருக்குப் போகும் பாதை பிரியும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள். இடப்பக்கம் கோட்டை, வலப்பக்கம் குழி என்று வெளியூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? "நான் இருக்கேன்ல, பலகை எதுக்கு?" என்று சொல்லியே அவன் காலத்தை ஓட்டிவிட்டான்.

உங்கள் நாத்தனார்
நொயெமி

*

ரோக்சேர்
20 ஜூலை 1986

நொயெமி,

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் இதை எழுத உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

மாடி அறைகள் நிறைந்துவிட்டன. வருகிறவர்கள் காலையில் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் கட்டிக்கொண்டு பழைய ஊருக்கு ஏறுகிறார்கள். இடிந்த கோட்டையைப் படம் பிடிக்கிறார்கள். மத்தியானம் ஆற்றில் படகு வலிக்கிறார்கள். போன வாரம் ஒரு டச்சுக்காரர் வந்ததும் வராததுமாய், "நல்ல ஆளாத்தான் வெச்சிருக்கீங்கம்மா" என்றார்.

எந்த ஆள் என்று கேட்டேன்.

"பாதை பிரியற இடத்துல நிக்கிறாரே, அவர்தான். நாங்க வலது பக்கம் திரும்பப் பார்த்தோம். தொப்பியைக் கழட்டி, 'அந்தப் பக்கம் வேணாம், கீழே தண்ணி'ன்னு சொல்லி, கோட்டைக்கு வழி காட்டினார். பாவம், உடம்பெல்லாம் நனைஞ்சிருந்தது."

ஜூன் முதல் இங்கே ஒரு சொட்டு மழை கிடையாது. கிணற்றின் அடி தெரிகிறது.

நேற்று பாரிஸிலிருந்து வந்த டீச்சர் ஒருத்தியும் அதையே சொன்னாள். நீலச் சட்டையாம். இடது காலை லேசாக இழுத்து நடக்கிறாராம். "உங்க வழிகாட்டிக்குக் காய்ச்சல் போல, நடுங்குறார், வீட்டுக்கு அனுப்புங்க" என்றாள்.  உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். செத்துட்டார் என்றாயே, பார்த்தாயா! அவர் இருக்கிறாரடி.

லூசெட்

*

நான்த்
27 ஜூலை 1986

அன்புள்ள அண்ணிக்கு,

எவனோ ஊர்க்காரன் விளையாடுகிறான் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் அந்த இடது காலைப் படித்தேன். சின்ன வயதில் குதிரை உதைத்த கால் அது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். முத்திரை குத்தக் கை ஓடவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உயிரோடு இருக்கிறவன் சாயங்காலம் வீட்டுக்கு வரமாட்டானா? உங்கள் கை சூப்பைக் குடித்து, மிச்சத்தில் ஒயினை ஊற்றித் தட்டோடு தூக்கிக் குடிக்காமல் இருப்பானா? இதையெல்லாம் விட்டுவிட்டுக் காட்டுப் பாதையில் எதற்கு நிற்கிறான்?

நான் கிளம்பி வரட்டுமா?

நொயெமி

*

ரோக்சேர்
18 ஆகஸ்ட் 1986

அன்புள்ள நொயெமிக்கு,

இப்போது வராதே. நீ வந்தால் நான் உடைந்துவிடுவேன்.

நானே ஏறிப் போனேன். காலை முழுக்கப் பாதை பிரியும் இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுநாளும் போனேன். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தொப்பியைக் கழற்றுகிற மனுஷன், எனக்கு மட்டும் முகம் காட்டவில்லை. அப்படி என்ன கோபம் என்மேல்? குளிருக்கு ஆகட்டும் என்று அவருடைய கம்பளிக் கோட்டை ஓக் மரக் கிளையில் மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த நாள் பார்த்தால் அது அங்கேயே தொங்குகிறது, பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிறது. கீழே தரை வெடித்துக் கிடக்கிறது. பிழிந்து மறுபடி மாட்டினேன். மறுபடியும் அப்படியே.

நேற்று பெல்ஜியத்து அம்மாள் ஒருத்தி பழைய ஊரைப் பார்த்துவிட்டு வந்தாள். "உங்க வழிகாட்டி உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார். எங்களுக்கு ஒண்ணும் புரியல, வேடிக்கைக்குச் சொல்றார்னு நெனச்சோம்" என்று சிரித்தாள்.

"என்ன கேட்டார்?"

"'தேனீங்ககிட்ட இன்னும் சொல்லலையான்னு கேளுங்க, ரொம்பக் குளிருது'ன்னார்."

என் கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது.

எப்படியடி சொல்வேன்? சொல்லிவிட்டால் அப்புறம் எனக்குக் காத்திருக்க யாரும் இல்லை. சொல்லாவிட்டால் அவர் அங்கே நின்று நடுங்குவார். நடுங்கினாலும் பரவாயில்லை, இருக்கட்டுமே என்கிறது ஒரு மனசு. பாவி மனசு.

லூசெட்

*

நான்த்
23 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணிக்கு,

சொல்லுங்கள் என்று நான் இனி உங்களை நெருக்கமாட்டேன். அது மனைவி சொல்ல வேண்டிய சேதி. நடுவில் புகுந்து நான் சொன்னேன், அதனால்தான் எடுபடவில்லை போலிருக்கிறது.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் ஆகாது. ஜூன் மாதத்தில்கூடப் போர்வைக்குள் காலைச் சுருட்டிக்கொண்டு கிடப்பான். உங்களுக்குத் தெரியாததா.

நொயெமி

*

ரோக்சேர்
14 செப்டம்பர் 1986

அன்புள்ள நொயெமிக்கு,

சொல்லிவிட்டேன்.

காலை வெயில் பெட்டிகள்மேல் விழுகிற நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். முதல் பெட்டியைத் தட்டினேன்.  மறுபடி தட்டி, "வசந்தத்துல நான் சொன்னது பொய். உங்க எஜமான் செத்துட்டார். இனி நான்தான் உங்களைப் பாத்துக்கணும், போயிடாதீங்க" என்றேன். உள்ளே இரைச்சல் சட்டென்று நின்றது. பிறகு எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாக எழுந்தது. புல்லில் உட்கார்ந்து அழுதேன். போன அக்டோபரிலிருந்து அழாததை எல்லாம் வாய்விட்டு அழுதேன். நீ கட்டிய அதே துணிகளைத்தான் கட்டினேன். கிழித்துப் போட்டிருப்பேன் என்று நினைத்திருப்பாய். இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்திருந்தேன்.

அன்று கோட்டைக்குப் போய் வந்தவர்களை விசாரித்தேன். "வழியில யாரும் இல்லையே. வலது பக்கம் கொஞ்ச தூரம் போய், பள்ளத்தைப் பார்த்துப் பயந்து திரும்பிட்டோம்" என்றார்கள்.  மறுநாளே பலகை எழுதி, சுத்தியலோடு ஏறினேன். விடிகாலையில் நல்ல மழை பெய்திருந்தது. இந்தக் கோடையில் அதுதான் முதல் மழை. புல்லும் கல்லும் ஓக் இலையும் சொட்டிக்கொண்டிருந்தன.

கிளையில் தொங்கிய கோட்டைத் தொட்டேன். காய்ந்திருந்தது, நொயெமி. உள்பக்கம் யாரோ இப்போதுதான் கழற்றி மாட்டியதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

அதைப் போட்டுக்கொண்டுதான் பலகையை அடித்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு வந்துவிடு. குடும்பக் கல்லறையில் பெயர் வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். பூ நீ வாங்கி வா. போர்வை கொண்டுவராதே, வீட்டில் இருக்கிறது.

உன் அண்ணி
லூசெட்
அர்மானின் விதவை