என் பெயரில் அவளுடையது

நவம்பர் 6

பரிசோதனை டப்பாக்கள் வந்துவிட்டன. என் பெயர் ஒட்டியது ஒன்று, என் மனைவி பெயர் ஒட்டியது ஒன்று. மலத்தில் துளி எடுத்துக் கொடுத்தால் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். குடலில் புற்று இருந்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாமாம். நல்ல ஏற்பாடுதான். நல்ல ஏற்பாடெல்லாம் ஏன் இப்படி அசிங்கமாக இருக்கிறது?

கோட்டு தைக்கிறவன் நான். கல்யாணமான நாளிலிருந்து, சத்தம் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிடாமல் கழிப்பறையில் உட்கார்ந்ததில்லை.

நவம்பர் 9

கேவலமான காரியம் செய்துவிட்டேன்.

காலையில் அவள் ரப்பர் பூட்ஸோடு கதவுக்கு வெளியே நின்று கத்தினாள். "ஹே-ரின் அப்பா! வந்துச்சா, இல்லையா? மீன் ஏலம் ஆரம்பிச்சிடும். போற வழியில ஆஸ்பத்திரியில குடுத்துட்டுப் போறேன்!"

மாடி வீட்டுக்கும் கேட்டிருக்கும். இப்படிக் கத்தினால் யாருக்கு வரும்? அவள் ஏற்கெனவே எடுத்து மூடிய டப்பா கழிப்பறையிலேயே தயாராக இருந்தது. திறந்து, குச்சியால் கொஞ்சம் எடுத்து என்னுடையதில் வைத்து மூடினேன். "வந்துடுச்சு" என்றேன். "அப்பாடா" என்று வாங்கிக்கொண்டு ஓடினாள்.

பள்ளியிலும் இதையேதான் செய்தேன். வயிற்றுப் புழுப் பரிசோதனைக்காக எல்லாரும் மலம் கொண்டுவர வேண்டும், முந்தைய வருடம் வாத்தியார், "மா கி-தொக், உருண்டைப் புழு!" என்று என் முடிவை வகுப்பில் உரக்க வாசித்ததால், மறுவருடம் பக்கத்துப் பையனுடையதில் பாதி கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று எனக்குப் பத்து வயது. இன்று?

நவம்பர் 17

முடிவு வந்தது. இருவருக்கும் ரத்தக் கசிவு. கேமரா விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும்.

இருவருக்கும் இல்லை. அவளுக்கு மட்டும். எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

நவம்பர் 18

தன் காகிதத்தை அவள் சரியாகப் படிக்கக்கூட இல்லை. "எனக்கு மூலம்ங்க. ஹே-ரின் பொறந்ததுலேருந்து இருக்கு. மூலத்துக்குப் போய் யாராவது கேமரா விடுவாங்களா?" ஆனால் எனக்குக் கேமரா பார்க்க, இருப்பதிலேயே சீக்கிரமான தேதியை வாங்கிவிட்டாள். இரவு சாப்பாட்டுக்குச் சிப்பிக் கஞ்சி. அவள் சம்பாதிப்பதற்கு அது பெரிய செலவு. தான் பழைய சோற்றில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, நான் விழுங்குகிற ஒவ்வொரு கரண்டியையும் பார்த்தாள்.

முழுக் கிண்ணத்தையும் குடித்தேன். எப்படி இறங்கியது?

நவம்பர் 20

"நீயும் போயேன், இலவசம்தானே" என்றேன்.

"குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறப்போடற வாரத்துல ஆஸ்பத்திரியா? முட்டைக்கோசை நீங்க வந்து கழுவுவீங்களா?"

கழுவுகிறேன் என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாளை சொல்ல வேண்டும். என் முடிவு நல்லபடியாக வந்த பிறகு, மெதுவாக… சீ, அதுவரை அவள்? வெட்கத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

நவம்பர் 22

கொல்லையில் கிம்ச்சி. முழங்கை வரை சிவப்புக் கையுறையோடு மிளகாய் விழுது தடவிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள்.

"உப்பும் காரமுமா போட்டுப் போட்டு நான்தான் உங்க குடலைக் கெடுத்துட்டேன்." அழுதாள். அழுது நான் பார்க்காதவள். மீன் சந்தையே பயப்படுகிற பொம்பளை.

சொல்லிவிட்டேன். நின்றபடியே, முட்டைக்கோசைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும்.

"அப்போ உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" அதைத்தான் முதலில் கேட்டாள். முகம் மலர்ந்து போயிற்று. அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பிறகுதான் மெல்லக் கேட்டாள். "ரெண்டும் என்னோடதா?"

தலையாட்டினேன். நெஞ்சில் ஓங்கி ஒரு அடி. வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் சிவப்பு.

"உங்களோடதை எங்கிட்ட குடுக்க வெக்கம், என்னோடதைத் திருட வெக்கமில்லை! நானும் கேமரா பாக்கப் போறேன். என்னோட தேதியும் வாங்குங்க. போன்ல நீங்களே பேசணும். இந்தக் கதையையும் நீங்களே சொல்லணும்."

சொன்னேன். போனில் அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிப் பெண் சிரிப்பை இருமலாக்கினாள். ஆகட்டும்.

நவம்பர் 24

புது டப்பாவில் ஒழுங்காக என்னுடையதையே எடுத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காது சுட்டது.

நவம்பர் 30

எனக்கு ஒன்றுமில்லை.

அவளுக்கு இருக்கிறது. பெருங்குடலின் இடப்பக்கம். மூலம் இல்லை, புற்று. கேமராவில் தெரிந்தது. ஆரம்பத்தில் இருப்பதாகத்தான் தெரிகிறது, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அவள் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் இவள் இன்று சந்தையில் நின்றிருப்பாள். இதை நினைக்கிறபோதெல்லாம் உடம்பு கூசுகிறது.

டிசம்பர் 12

அறுவை சிகிச்சை முடிந்தது. வேறெங்கும் பரவவில்லை.

டிசம்பர் 15

வாயு பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், அதுவரை வாயில் ஒன்றும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நேற்று முழுக்க ஒன்றுமில்லை. தாதி வந்து கேட்கிறபோதெல்லாம் இருவரும் குற்றவாளிகள் மாதிரி உதட்டைப் பிதுக்கினோம். தாழ்வாரத்தில் அவளை இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று நடத்தினேன்.

இன்று காலை பத்தரைக்கு, ஜன்னல் பக்கம் திரும்பும்போது. சின்னதுதான். ஆனால் தெளிவாகக் கேட்டது.

செருப்பில்லாமல் தாழ்வாரத்தில் ஓடினேன். "நர்சம்மா! விட்டுட்டா! ஹே-ரின் அம்மா விட்டுட்டா! நான் என் காதால கேட்டேன்!" பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லாரும்.

திரும்பி வந்தால் அவள் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு கிடக்கிறாள்.

"ஊரையே கூட்டிட்டீங்களே. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"இல்லை" என்றேன்.