பலாவடியில் ஒரு கம்பி

கலஹா,
செவ்வாய் காலை.

அன்புள்ள ரிஷிகேசனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ தொலைபேசியை எடுக்கவில்லை. லண்டனில் இன்னும் விடிந்திராது. ஆகவே மின்னஞ்சலில் எழுதுகிறேன். எழுந்ததும் முதலில் இதைப் படி.

நமது காணியின் கீழ்ப் பலாவடியில் ஒரு சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டிக் கிடக்கிறது. கம்பி இடுப்பில் இறுகியிருக்கிறது. உயிர் இருக்கிறது. வனஜீவராசித் திணைக்களத்தின் மிருக வைத்தியர் வந்துகொண்டிருக்கிறார். அதுவரை வீட்டைவிட்டு இறங்க வேண்டாம் என்று எனக்கு உத்தரவு. குசினி யன்னலோரம் இருந்து எழுதுகிறேன். சற்று முன்வரை உறுமிக்கொண்டிருந்தது. இப்போது சத்தமில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

பன்றிக்கென்று கம்பி கட்டியவர் முத்துலிங்கம். புல்வெட்ட வருபவருக்குப் பன்றியோடு என்ன பகை என்று கேட்டேன். "தம்பிதாங்கம்மா போன்ல கட்டச் சொன்னாரு. அம்மாகிட்ட சொல்லிராதீங்கன்னும் சொன்னாரு" என்றார். சிறுத்தை செத்தால் சிறைச்சாலை மறியல்தான் என்று அவருக்குத் தெரியும்.

மரவள்ளிக் கிழங்குக்காகவா, ரிஷி? பன்றி கிளறிப்போன மண்ணில்தான் என் சாதிக்காய்க் கன்றுகள் தாமாக முளைத்திருக்கின்றன. "காடாய்க் கிடக்குது" என்று நீ வெட்கப்படும் இந்தச் சரிவில் கித்துள் பழத்துக்கு மரநாய் வருகிறது. கோப்பிப் பற்றைக்குள் சருகுமான் குட்டி ஈனுகிறது. முள்ளம்பன்றியோடு எனக்கு வாழைக்கிழங்கு வழக்கு உண்டு. தூக்குத் தண்டனை விதித்ததில்லை.

தாவரவியல் பட்டம் பெற்ற திமிரில், இங்கு வாழும் அனைத்தையும் அறிவேன் என்றிருந்தேன். அந்த உத்தரவு வருமுன் கிட்டப் போனபோது பலாப்பட்டையில் நகக்கீறல்களைக் கண்டேன். பழைய கீறல்கள், பாசி படர்ந்துவிட்டது. இத்தனை வருடமும் இந்தச் சிறுத்தை நம்மோடு குடியிருந்திருக்கிறது. நமது நாயைக்கூடத் தொடவில்லை. நம்மிடமிருந்த ஆகச் சிறந்ததை உன் கம்பிதான் எனக்கு அறிமுகப்படுத்தியது.

யார் கட்டியது என்றுதான் அதிகாரிகள் முதலில் கேட்பார்கள். நான் பொய் சொல்லமாட்டேன். முத்துலிங்கத்தின் பெயரைச் சொல்லிவிட்டு உன் பெயரை விழுங்கவும் மாட்டேன். என் வாயால் அது வருமுன் நீயே அழைத்துச் சொல். அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முத்துலிங்கம் ஓடிப்போகவில்லை. வாசற்படியில் குந்தியிருக்கிறார். நான் கொடுத்த தேநீர் ஆறிக் கிடக்கிறது.

வாசல் படலையடியில் திணைக்களத்து ஜீப் வந்து நிற்கிறது.

நீடூழி வாழ்க என்று எழுதி முடிக்க வேண்டிய இடம் இது. நீ அவர்களோடு பேசிய பிறகு எழுதுகிறேன்.

அம்மா