எடை குறையாத புட்டி

அன்புள்ள அப்பா,

மூட்டுவலி தேவலையா? டண்டீயில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்று சொல்கிறேன், பதறாதீர்கள். போன மாதம் சிகரெட்டுக்குப் பதிலாக நீங்கள் மின்குழலில் இழுக்கும் வேப் திரவத்தைக் கலக்கும்போது மின்தராசு நடுவில் தானாக அணைந்துவிட்டது. பதற்றத்தில் முதலிலிருந்து கலந்தேன். நேற்று நிகோடின் புட்டியை நிறுத்துப் பார்த்தேன். கலப்பதற்கு முன் எழுதிவைத்த எடை அப்படியே இருக்கிறது. உங்களுக்கு வந்ததில் நிகோடினே இல்லை.

அறைத்தோழி மோராக் சிரித்தாள். "நாலு வருசம் வேதியியல் படிச்ச லட்சணமாடி இது?"

நீங்களோ போனில், "இந்தத் தடவைதான் கண்ணு கச்சிதமா கலந்திருக்க" என்றீர்கள். மூன்று வாரமாகச் சிகரெட்டையும் தொடவில்லை, முப்பது வருடப் பழக்கத்துக்குப் பிறகு.

இனியும் சேர்க்காமல் விடட்டுமா? நீங்களே சொல்லுங்கள். காலிப் புட்டிகளோடு என் பச்சைக் கம்பளித் தொப்பியையும் அனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் இரண்டு வரி. பேருந்து வந்துவிட்டது.

உங்கள் டாம்சின்