கவிழ்த்து வைத்த துருப்பு

மச்சான்,

இன்று காலை நெசவாளர் தெருவழியே வந்தேன். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு வெயிலில் நீட்டியிருந்தார்கள். அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். ஏரிக்காற்றில் நமுத்துப்போகும் நம் சீட்டுக்கட்டை நீ கஞ்சியில் தோய்த்துப் பாயில் பரப்புவாய். சீட்டு விறைத்துக்கொள்ளும், ஆடுகிறவன் கையெல்லாம் இதே நாற்றம் அடிக்கும். அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பாய்.

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறங்கிவிட்டது. அவர்களுடைய சிப்பாய்களிடம் நாம் கற்ற ஆட்டம் மட்டும் குப்பத்தில் தங்கிவிட்டது. அவர்கள் கிடங்கில் வேலை பார்த்து நான் கற்ற எழுத்தில்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

அந்த வருஷம் நினைவிருக்கிறதா? முகத்துவாரத்தில் வலை விடும் முறை, அதாவது பாடு, நம் குப்பத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் கடல் மணலைக் கொட்டி முகத்துவாரத்தை அடைத்துவிட்டது. இறால் உள்ளே வரவில்லை. நம் முறை முடிந்ததும், வேண்டுமென்றே செய்தது போல, வாய் திறந்துகொண்டது. இப்போது முறை வடகுப்பத்துக்கு. மண் அடைத்த நாளெல்லாம் எங்கள் கணக்கில் சேராது, மறுபடி விடுங்கள் என்று கேட்டோம். அது உங்கள் தலையெழுத்து என்றார்கள். பஞ்சாயத்து கூடிக் கூடிக் கலைந்தது. என் தங்கை, அதாவது உன் பெண்டாட்டி, பிள்ளைகளுக்குக் கீரையை வேகவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வடகுப்பத்துத் தலைவரான நாட்டார் ஒரு வழி சொன்னார். சீட்டில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு நினைப்பு. ஒரே ஒரு கை ஆடுவோம், ஜெயித்தவனுக்குப் பாடு என்றார். நம் பெரியவர்கள் தயங்குவதற்குள் நீ போய் உட்கார்ந்துவிட்டாய். எதிரே நான். நம் இருவருக்கும் நடுவில் ஒரு பக்கம் நாட்டார், மறு பக்கம் அவர் தம்பி. சுற்றிலும் இரண்டு குப்பத்து ஜனமும்.

முதல் சீட்டுகளைப் பார்த்து நாட்டார் பத்தொன்பது கேட்டார். அத்தனை புள்ளி எடுத்துக் காட்டுகிறேன் என்று அர்த்தம். நீ மூச்சுக்கூட விடாமல் "இருபத்திரண்டு" என்றாய். மற்ற இனங்களை வெட்டும் உன் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தாய். அது எந்த இனம் என்பது புள்ளி கேட்டவனுக்கு மட்டும்தான் தெரியும், எதிரே உட்கார்ந்த கூட்டாளிக்கும் தெரியாது. நான் என் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல், அடுத்தது ஒன்பது, அதற்கும் கீழேதான் ஆஸும் ராஜாவும். ஆட்டின் ஜாக்கியும் ஒன்பதும் என்னிடம் இருந்தன. இஸ்பேட் ஜாக்கியும் டைமன் ஜாக்கியும் என்னிடம்தான். அப்படியானால் உன்னிடம் என்ன இருக்க முடியும்? கிளாவரை நம்பித்தான் கேட்டிருக்கிறாய் என்று நினைத்தேன்.  ஆனால் கிளாவர் ஜாக்கியும் ஒன்பதும் நாட்டார் கையில் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

தம்பிக்காரன் கிளாவர் ராஜாவை இறக்கினான். அடுத்தது உன் ஆட்டம். கொஞ்சம்கூட யோசிக்காமல் கிளாவர் ஆஸைத் தூக்கிப் போட்டாய். நாட்டார் கை ஜாக்கியின் மேல் போனது; அங்கேயே நின்றது. துருப்பு கிளாவர்தான், என் ஜாக்கியைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று அவர் மனம் ஓடியதை முகத்திலேயே படித்தேன். ஜாக்கியைப் பத்திரப்படுத்திக்கொண்டு சின்னச் சீட்டைப் போட்டார். கண்ணெதிரே இருந்த பிடியை உன்னிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நீ அவரை ஒன்றும் செய்யவில்லை. அவரே தன்னைச் செய்துகொண்டார். இறக்கிய இனம் தம்பியிடம் தீர்ந்து, துருப்பைத் திறக்கச் சொல்லலாமா என்று பார்த்தபோதும் அண்ணன் கண்ணாலேயே அடக்கினார். அந்த இரண்டு பெரிய சீட்டையும் கடைசிவரை அணைத்துக்கொண்டே இருந்தார். கையில் வேறெதுவும் இல்லாமல் போனபோது ஜாக்கியை ஓங்கி அடித்தார். நீ கவிழ்த்து வைத்ததைத் திருப்பினாய். ஆட்டின் ஏழு. துருப்பிலேயே ஆகக் கடைசிச் சீட்டு! அதால் ஜாக்கியை வெட்டினாய். மிச்சமிருந்த ஆட்டின் எட்டை இறக்கினாய். அவருடைய ஒன்பதும் வந்து விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது எழுதும்போதும்தான்.

நாட்டார் கோபப்படவில்லை. அந்த ஏழாம் சீட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னா தகிரியத்துலடா இத்த வச்சிக்கினு கேட்ட?"

"பெருசு உங்க கையில கீதுன்னு தெரியும் நாட்டாரே," என்றாய். "பெருசு வச்சிக்கினு கீறவங்களுக்கு அத்த எறக்க மனசு வராது."

பாடு நமக்கு வந்தது. இறால் கூடை கூடையாக ஏறியது. முதல் நாளே வலைக்கயிற்றை இழுக்க முடியாமல் நீ படகில் உட்கார்ந்துவிட்டாய். அப்போதுதான் எனக்குக் காட்டினாய், துணியில் துப்பிச் சுருட்டி வைத்திருந்த ரத்தத்தை. பாடு நடக்கையில் ஒருவன் செத்தால் முறை முடியும்வரை அவன் வீட்டுக்குப் பங்கு போகும். அதற்காகத்தான் அந்த ஏழாம் சீட்டை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாய். நாட்டார் மட்டுமில்லை, உன் எதிரே உட்கார்ந்திருந்த நானும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

தங்கச்சிக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். அவள் எதிரில் சிரித்தாய், அடுத்த பாடு வருவதற்குள் புது வலை முடையலாம் என்றாய், இரண்டாம் தரம் சோறு கேட்டாய். அவள் உள்ளே போனதும் வட்டிலை என் பக்கம் தள்ளுவாய். நான் விழுங்கினேன். பாடு முடிவதற்குள் நீ போய்விட்டாய். பங்கு வந்தது, பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இன்று தெருவிலிருந்து நேரே அவள் வீட்டுக்குத்தான் போனேன். இத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன், சத்தியத்தை மீறி. அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எனுக்குத் தெரியும்ண்ணா. சீட்டாடப் போறதுக்கு முன்னயே தெரியும். அவுரு துணிய தோய்க்கறவ நான்தானே." அடுத்த இறாலை எடுத்தபடி, "எனுக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவுரு ஒடஞ்சி பூடுவாரு. அதான் இன்னொரு வாட்டி சோறு போட்டேன்," என்றாள்.

உன்னை ஜெயித்தவர் ஒருவரும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், மச்சான். உன் எதிரிலேயே உட்கார்ந்து, உன்னைவிட மோசமான கையை வைத்துக்கொண்டு, கடைசிவரை முகம் மாறாமல் என் தங்கை ஆடியிருக்கிறாள். உனக்கு அது தெரியாமலே போனது. இந்தப் பிரமிப்பை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. கிளம்பும்போது சாப்பிட்டுப் போகச் சொன்னாள். பசியில்லை என்றேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.