சர்க்கரை போட்ட காபி

வீட்டு இன்ஜினியர் சாருக்கு,

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். மூன்று மணிக்கு லேப்டாப் ரிப்பேர்காரர் வருவார். எங்கும் கிளம்பிவிடாதீர்கள்.

இரண்டு நாளாகக் கீபோர்டில் பாதி எழுத்து விழவில்லை. நாலு தடவை ரீஸ்டார்ட் செய்தேன், செட்டிங்கையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு, "உன் விரல்ல பலமே இல்ல, நல்லா அழுத்தி அடி" என்றீர்கள். நானும் விரல் வீங்க அழுத்தினேன். நேற்று பதிப்பகத்துக்காரர் பொறுமை இழந்து, நான் டைப் அடிக்க வேண்டியதில் பாதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

இன்று காலை தூசி தட்டும்போதுதான் பார்த்தேன், இரண்டு பட்டன் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. நான் கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பவள், எனக்கு எங்கே தெரியும்? நெம்பி எடுத்தால் அடியில் பிசுபிசுவென்று காபி. எறும்பு வேறு. இந்த வீட்டில் சர்க்கரை போட்டுக் குடிப்பது ஒரே ஒரு ஆள்தான்.

கொட்டியதற்குக் கோபமில்லை. யாருக்கும் கை தவறும். கழற்றித் துடைத்து, மாற்றி மாட்டி வைத்துவிட்டு, வாய் கூசாமல் என் விரலைக் குறை சொன்னீர்களே, அதுதான் ஆறவில்லை.

மிச்ச வேலையைத் தங்கை வீட்டில் உட்கார்ந்து அடிக்கப்போகிறேன். முடிந்தாலும் உடனே வர மாட்டேன்.

பி.கு.: சாவி வழக்கமான இடத்தில்.

இன்னொன்று: ரிப்பேர்காரர் வந்ததும், "மேல ஏதாவது கொட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். அவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.