கூரை விளக்கின் கள்ள வயர்

என் அன்பு வான்காரருக்கு,

சண்டை முடிந்துவிட்டது. றோட்டில் மறித்துச் சோதிக்கும் ஆமிச் சென்றிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். இதை உங்களுக்கு யார் சொல்வது?

கடல் உங்களைக் கொண்டுபோன அன்று உங்கள் வான் வாவிக்கு அப்பால் வவுணதீவில் நின்றதால் தப்பியது. இப்போது அதை நான்தான் ஓட்டுகிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. சுனாமிக்குப் பிறகு பெண்களுக்குத் தையல் மெசின் கொடுத்தார்கள். ஊசியில் நூல் கோர்க்கவே எனக்குப் பொறுமை இல்லை என்பது தெரியும்தானே. பிடிவாதமாக நின்று வாகன வயரிங் வகுப்பில் சேர்ந்தேன்.

போன வாரம் காலையில் பார்த்தால் பற்றரி இறங்கிக் கிடந்தது. புதுப் பற்றரி போட்டும் அதே கதை. பிள்ளைகள் றோட்டில் காத்து நிற்க, தாய்மார் வேறு வான் தேடத் தொடங்கினார்கள். அண்ணன் வானை வாங்கக் களுதாவளையில் ஆளே பிடித்துவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை வாறாங்க. வித்துப்போட்டு நிம்மதியா இரி, புள்ள."

"வானும் போனா மறுகா நான் என்னத்தச் செய்யிற?" என்றேன்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி இடையில் மல்ரிமீற்றரை மாட்டினேன். சாவி போடாத வானில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மீற்றரில் எண் குறையவே இல்லை. அப்படியென்றால் பியூஸ் பெட்டிக்குத் தெரியாமல் பற்றரியிலிருந்து நேரே ஒரு வயர் போகிறது. யாருடைய வேலை என்று உடனே விளங்கியது!

சண்டைக் காலத்தில், இரவில் சென்றிக்கு வந்தால் ஹெட்லைட்டை அணைத்து உள்விளக்கைப் போட வேண்டும். ஒருநாள் பியூஸ் எரிந்து விளக்கு வராமல் போக, ஆமிக்காரனின் துவக்கு உங்கள் நெஞ்சுக்கு நேரே வந்தது. மறுநாளே கூரை விளக்குக்குத் தனி வயரும் ஸ்டியரிங்குக்குக் கீழே சுவிட்சும் வைத்தீர்கள். "இனி பியூஸ் போனாலும் நம்மட மூஞ்சி தெரியும்" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சுவிட்சுக்குள் உப்புக்காற்றுப் புகுந்து பச்சை பிடித்திருந்தது. அணைத்தாலும் கரண்ட் கசிந்தது. வயரைக் கழற்றியதும் மீற்றர் அடங்கியது. அந்த வயரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். துவக்குக்குத் தப்பி வந்த உங்களைக் கடல் கொண்டுபோகும் என்று யார் நினைத்தது?

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூரை விளக்கைப் பியூஸ் பெட்டி வழியாகக் கதவுச் சுவிட்சுக்கு மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கு முன்னால் ஒரே திருப்பில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இன்று விடியற்காலை கதவைத் திறந்ததும் விளக்கு எரிந்தது. முதலில் வந்த சின்னவள் படியைப் பார்த்து மிதித்து ஏறினாள்.

வானை விற்கமாட்டேன். இனி சென்றியில் எவன் அதட்டினாலும் அந்த விளக்கைப் போடவும் மாட்டேன். பிள்ளைகள் ஏறும்போது அது எரியும், நான் எரிய வைப்பேன்.

என்றைக்கும் உங்கள் மனைவி,
புவனா