ஐஸ் வண்டியின் பின்விளக்கு

வண்டியிலிருந்து எடுத்துவைத்த சாமான் பையை இன்று காலைதான் பிரித்தேன். ஒரு ஸ்பேனர், இரண்டு பழைய ரசீது, ஓரம் கிழிந்த சாமி படம், எல்லாவற்றுக்கும் அடியில் உங்கள் பவுடர் டப்பா. மூடி இறுகிப்போயிருந்தது. முந்தானையால் பிடித்துத் திருகியதும் சந்தன வாசனை வந்தது. கூடவே ஈரச் சாக்கு வாசனையும். ஐஸ் தண்ணீர் கழுத்தில் வழிந்து அரிக்கிறது என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கொட்டிக்கொள்வீர்கள். காக்கிச் சட்டையின் காலர் எந்நேரமும் வெள்ளையாகவே இருக்கும். "மாவு மில்லுலயா வேலை பாக்குறீங்க?" என்று கேட்பேன். "ஆமா, ஐஸ் மாவு அரைக்கிறோம்" என்பீர்கள்.

அந்த வாசனை வந்த கொஞ்ச நேரம் வீட்டில் யாரோ இருப்பது போலிருந்தது. அப்புறம் இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வண்டி இப்போது நம் வீட்டுப் பக்கத்தில் இல்லை, அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது.

நீங்கள் ஐஸ் ஓட்டினீர்கள், நான் ஒயர் கட்டினேன். நம் குடும்பம் இருபது வருஷம் ஓடியது அப்படித்தான். விடிவதற்கு முன்னால் மினி லாரியில் ஐஸ் பார்களை ஏற்றி, மேலே உமி கொட்டி, சாக்கு போர்த்திக்கொண்டு காலாப்பட்டுப் பக்கத்து மீனவர் குப்பங்களுக்குப் போவீர்கள். நான் டிபன் டப்பாவோடு தொழிற்பேட்டை பஸ்ஸுக்கு நிற்பேன். எங்கள் கம்பெனியில் காருக்குப் போகிற ஒயர்களையெல்லாம் ஒரே கொத்தாகக் கட்டி அனுப்புவோம். ஆள் நீளத்துக்குப் பலகை, அதில் வரிசையாக ஆணிகள், எந்த நிற ஒயர் எந்த ஆணியைச் சுற்றிப் போக வேண்டும் என்று கோடு. ஒயரைப் போட்டு, முனையில் கிளிப் அடித்து, டேப் சுற்றி, டெஸ்டரில் வைத்துப் பச்சை விளக்கு எரிந்தால் அடுத்தது. நான் கட்டிய ஒயர் எந்தக் காரில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது புதுக் கார் ஒன்று தாண்டினால் ஹாரன் அடிப்பீர்கள். "மேடம், உங்க சரக்கு போவுது பாரு." கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் உங்களுக்கு மேடம்தான்.

கிளிப் அடித்து அடித்து என் மணிக்கட்டு வீங்கிப்போகும். நீங்கள் வண்டியில் மிஞ்சிய ஐஸ் துண்டைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து, டிவி பார்த்துக்கொண்டே என் கையில் கட்டிவிடுவீர்கள். "ஐஸ்காரன் பொண்டாட்டிக்குக் கை வீங்கலாமா?" என்பீர்கள். தண்ணீர் சொட்டி என் புடவையெல்லாம் நனைந்துவிடும். அதற்கும் திட்டுவேன்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கம்பெனியில் அவசர ஆர்டர், தினம் இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை. ஒரு சாயங்காலம் நான் கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தபோது நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

"பின்னாடி லைட்டு விட்டு விட்டு எரியுது. கொஞ்சம் பாக்குறியா?"

"நாள் முச்சூடும் ஒயரத்தான் கட்டிட்டு வர்றேன். வூட்டுக்கு வந்தும் அதேவா? கிளெமான் அண்ணன் ஷெட்டுல காட்டுங்க."

"சரி மேடம்" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டீர்கள். மறுபடி கேட்கவில்லை. நானும் மறந்துபோனேன்.

அதற்கு ஒன்பதாம் நாள், இருட்டுகிற நேரம். ஐஸை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது தார்ப்பாய் அவிழ்ந்து பறந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக நிறுத்தி, இறங்கி, பின்னால் நின்று கயிற்றைக் கட்டியிருக்கிறீர்கள். மழை. பின்னால் வந்து மோதிய கார்க்காரர் ஆஸ்பத்திரியில் தரையில் உட்கார்ந்து அழுதார். "வண்டி நின்னது தெரியவே இல்லைங்க, வெளிச்சமே இல்லைங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் அவரைத் திட்டவில்லை. எல்லோரும் என்னைப் பொறுமைசாலி என்று நினைத்தார்கள்.

பிறகு வந்த போலீஸ் காகிதத்தில் 'பின்விளக்குகள் எரியாத நிலை' என்று ஒரு வரி இருந்தது. படித்துக் காட்டியவர் சாதாரணமாகத்தான் படித்தார். அந்த வரியை நான் யாரிடமும் பேசவில்லை. நம் பெண் வசந்தியிடம்கூட.

வண்டிக்குப் பெரிய அடி இல்லை. மெக்கானிக் கிளெமான் அண்ணன்தான் அதை ஓட்டிவந்து, நம் வீட்டை ஒட்டிய காலிமனையில் வழக்கமான இடத்தில் நிறுத்தினார். இரண்டு வருஷம் அங்கேயே நின்றது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதன் முகம். நான் ஜன்னலைத் திறக்காமல் பழகிக்கொண்டேன். அடுத்த வருஷம் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது என் பெயரும் இருந்தது. அப்புறம் பகலும் நீளமாகிவிட்டது. முத்தியால்பேட்டையில் எங்கே திரும்பினாலும் சத்தம்தான், பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டுப் பிள்ளைகள், தெருவில் பைக். நம் வீட்டில் மட்டும் நான் பேசினால்தான் பேச்சு. சில நாள் சாயங்காலம் பால்காரரிடம் பேசும்போது குரல் கரகரவென்று வரும். அன்றைக்கு அதுதான் முதல் வார்த்தை என்று அப்போதுதான் தெரியும்.

இந்த ஆவணியில் காலிமனைக்காரர்கள் பிரான்சிலிருந்து போன் செய்தார்கள். தை பிறந்ததும் வீடு கட்டப் போகிறார்களாம், வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். பெங்களூரில் இருக்கிற வசந்திக்குச் சொன்னேன்.

"காயலாங்கடைக்குக் குடுத்துடும்மா. அந்த வண்டிய என்னால பாக்க முடியல."

"ஓடுற வண்டியாக்கிக் குடுக்கலாம்னு பாக்குறேன்."

"எதுக்கும்மா?"

எதற்கென்று நான் சொல்லவில்லை. அந்த விளக்கு ஏன் அணைந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். வேறு ஏதாவது காரணமாக இருக்கலாம், பல்ப் ஃபியூஸ் போயிருக்கலாம், சுவிட்ச் கெட்டிருக்கலாம், நான் பார்த்திருந்தாலும் பிடிபடாத ஏதோ ஒன்றாக இருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கிளெமான் அண்ணன் வந்து பானட்டைத் தூக்கிப் பார்த்தார். "இன்ஜின் எழுந்துக்கும். ஒயரிங்க எலி தின்னுட்டுது, ஒண்ணும் தேறாது. அதுக்கு எலக்ட்ரீசியன் தனியா வரணும்."

"அத நான் பண்றேண்ணே."

பானட்டை இறக்கி மூடினார். "பண்ணு" என்றார்.

கம்பெனியில் இருந்தது போல ஒரு பலகை வேண்டியிருந்தது. நம் கட்டிலின் பலகையைக் கழற்றிக் கூடத்தில் போட்டேன். கட்டிலில் நான் படுத்து வெகுநாள் ஆகிறது. வண்டியின் நீளத்தைக் கயிற்றால் அளந்து, பலகையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஆணி அடித்தேன். ஒயர் வாங்க நேரு வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனபோது கடைக்காரர் கேட்டார், "மெக்கானிக்கு எந்த சைஸ் கேட்டாருன்னு போன் போட்டுக் குடுங்கம்மா." "நான்தான் மெக்கானிக்கு" என்றேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வார்த்தையை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பீர்கள். வீடு வரும்வரை அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை.

காலையில் வண்டியில் துரு சுரண்டுவேன். தரைத்தகடு உப்புத் தண்ணீரில் சல்லடையாகியிருந்தது. அதை மட்டும் வெல்டருக்கு விட்டேன். மற்றதற்கெல்லாம் துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்டை நானே அடித்தேன். மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து ஒயர் கட்டுவேன். முன்விளக்கு, ஹாரன், வைப்பர் என்று முன்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பழையதை உருவிவிட்டுப் புதியதை மாட்டினேன். பின்பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டே போனேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அதற்கு மேல் தள்ள முடியவில்லை. வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து, பின்சக்கரத்துக்கு மேலே ஓடிய ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் புடைப்பாக ஏதோ தட்டுப்பட்டது. டேப். எங்கள் கம்பெனித் துணி டேப், தீர்ந்துபோகிற ரோலில் மிச்சம் இருந்தால் கேட்டு வாங்கிவந்து விளக்குமாற்றுக்குச் சுற்றுவேனே, அது. கோணல்மாணலாக, முடிச்சுப் போல சுற்றியிருந்தது. நீங்கள் சுற்றியது. பிரித்துப் பார்த்தேன். இரண்டு ஒயரையும் கையால் முறுக்கிச் சேர்த்திருந்தீர்கள். உமியோடு வழிந்த ஐஸ் தண்ணீர் உள்ளே இறங்கி, செம்பு பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. இரண்டு பின்விளக்குக்கும் போகிற ஒயர் அது ஒன்றுதான்.

ஒரு நிமிஷ வேலை. நான் ஒரு நாளில் நானூறு தடவை செய்த வேலை.

வண்டிக்கு அடியிலேயே வெகுநேரம் படுத்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். வைத்திருந்து என்ன செய்வது. கை கழுவாமலேயே வசந்திக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணு சொல்லணும். லைட்ட பாக்கச் சொல்லி உங்கப்பா எங்கிட்ட கேட்டாரு. கை வலின்னு நான் பாக்கல. இன்னிக்குத் தொறந்து பாத்தேன், ஒயரு இத்துப்போயி லைட்டு அணைஞ்சிருக்குது."

போன் கட்டாகிவிட்டதா என்று பார்த்தேன்.

"எங்கிட்டயும் சொன்னாரும்மா" என்றாள்.

"இன்னா சொன்னாரு?"

"'உங்கம்மா கை வீங்கிக் கெடக்கறா, அவகிட்டப் போயி கேட்டுட்டேன். நானே கட்டிட்டேன், நல்லா எரியுது'ன்னாரு. நீ கட்டுனது எத்தினி நாளு தாங்கும், மெக்கானிக்கிட்ட காட்டுப்பான்னு சொல்லணும்னு நெனச்சேன். மீட்டிங் இருக்குதுன்னு போன வெச்சிட்டேன். ரெண்டு வருஷமா அதத்தாம்மா நெனச்சிக்கினு இருக்கேன்."

ஒரே வீட்டுப் பெண்கள் இருவர், இரண்டு ஊரில், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே எண்ணத்தோடு இருந்திருக்கிறோம். இருவருமே போனை வைக்கவில்லை.

நீங்கள் என்மேல் கோபப்படவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

அந்தச் சனிக்கிழமை வசந்தி வந்தாள். தனி ஆளுக்கு இந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. உள்ளே சுவிட்சைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்து பார்க்க வேண்டும். பிரேக் விளக்குக்குப் பெடல்மேல் செங்கல் வைக்க வேண்டும். அன்றைக்கு அவள் பின்னால் நின்றாள். வண்டியைத் தொடவில்லை, பத்தடி தள்ளியே நின்றாள். நான் உங்கள் சீட்டில் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினேன்.

"எரியுதா?"

"எரியுது."

"ரெண்டுமா?"

"ரெண்டும் எரியுதும்மா" என்றவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வண்டியைத் தேசிங்கு வாங்கிக்கொண்டார். காலாப்பட்டுக்காரர், முன்பு உங்களிடம் ஐஸ் எடுத்தவர், இப்போது அவரே ஐஸ் ஓட்டுகிறார். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியை என்னிடம் காட்ட வேண்டும். அவரும் தவறாமல் வருகிறார். வந்து, நான் வண்டியைச் சுற்றிவரும்வரை டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார். மனை இப்போது வெறுமையாக இருக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். சுவர் எழும்பும்வரை காற்று வரும்.

நேற்று மத்தியானம் தேசிங்கு போன் செய்தார். மழைக்காலம் தொடங்கி என் கை மறுபடி வீங்கியிருந்தது. போனையே இடது கையில்தான் பிடித்திருந்தேன்.

"அக்கா, ரைட் சைடு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது. அவசரமில்ல, ஞாயித்துக்கெழம வரும்போது பாத்துக்கலாம்."

"வண்டிய எடுக்காதீங்க. நான் வர்றேன்."

பஸ் ஏறிப் போனேன். வழியில் அந்த இடம் வரும். போகும்போதும் வரும், திரும்பும்போதும் வரும். தாண்டித்தான் ஆக வேண்டும். காலாப்பட்டில் சாலையோரம் வண்டியை நிறுத்திவைத்திருந்தார். பல்ப் மாட்டுகிற இடத்தில் உப்புப் பூத்திருந்தது. சுரண்டி, புதுக் கிளிப் அடித்தேன். இடது கையால் அடித்ததால் இரண்டு தடவை கோணலாகிப்போய், மூன்றாம் தடவைதான் சரியாக உட்கார்ந்தது.

"இதுக்காவா பஸ் ஏறி வந்தீங்க?" என்றார் தேசிங்கு.

"ஆமா."

"வீட்ல எறக்கி வுட்றேன், ஏறுங்கக்கா."

"நீங்க போங்க. நான் பின்னாடி நின்னு பாக்கணும்."

லேசாகத் தூறத் தொடங்கியிருந்தது. அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சாலை வளைகிற இடம்வரை இரண்டு சிவப்பும் தெளிவாகத் தெரிந்தன. வளைவில் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முத்தியால்பேட்டை பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.